இரண்டு தடவை குத்திய இரை

மிதவை கிடந்த இடத்துக்குப் படகு வந்து சேர்ந்தபோது நண்பகல். வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. டிரைவர் எஞ்சினை அணைத்தான். சத்தம் அடங்கிய பிறகும் டீசல் நாற்றம் தலைக்கு மேலேயே நின்றது.

"பாத்தியா, நம்ம கயிறுதான். பூனை மாதிரி வீடு தேடி வந்திருக்கு," என்றான். அவனுக்குப் பயம் வந்தால் வாய் நீளும்.

கூட வந்த கொக்கு சிரிக்கவில்லை. நெட்டைக் காலுக்காகத் துறைமுகமே வைத்த பெயர் அது. போன வாரம் இதே கயிற்றைக் கடலில் விடும்போதுதான் அவனுடைய மச்சான், அக்கா புருஷன், போனார். ஆயிரங்கால் தூண்டில் என்றால் சும்மாவா? ஒரே தாய்க்கயிறு, அதில் வரிசையாகத் தொங்கும் நூற்றுக்கணக்கான முட்கள். படகு ஓட ஓட ஒவ்வொன்றிலும் இரை குத்தி வீச வேண்டும். வீசிய முள் மச்சானின் சட்டைக் கையில் மாட்டியது. எஞ்சினை நிறுத்துவதற்குள் ஆளும் போய், கயிறும் அறுந்து போயிற்று.

அன்றிலிருந்து அக்கா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். "உடம்பையாவது கொண்டாந்து காட்டுடா. கண்ணால பாக்காம நான் நம்பவே மாட்டேன்," என்று தம்பியிடம் ஒரே புலம்பல். மிதவையைக் கண்டதாக யாரோ சொன்னதும் கொக்கு டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்துவிட்டான்.

கயிற்றை இழுத்தார்கள். முதல் முள் மேலே வந்தது.

அதில் ஒரு மத்தி மீன். செவுளில் ரத்தம் இன்னும் சிவப்பாக இருந்தது.

டிரைவர் அதைத் தொட்டுப் பார்த்தான். ஒரு நாள் கிடந்தாலே நண்டு தின்று முள் மொட்டையாகத்தான் வரும். இரண்டாவதிலும் புது மத்தி. மூன்றாவதிலும்.

"எவனாவது எடுத்து, இரை மாத்திப் போட்டிருப்பான்," என்று முனகினான்.

"குத்தியிருக்கிறதைப் பாருங்க, டிரைவர்."

கண் வழியாக ஒரு குத்து. வாலை மடித்து இன்னொரு குத்து. இரை நழுவாமல் இருக்க அப்படிக் குத்துகிறவர் அந்தத் துறைமுகத்தில் மச்சான் ஒருத்தர்தான். வேலை மெனக்கெட்ட ஆள் என்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்வார்கள்.

அதற்குப் பிறகு மீன் வரவில்லை. நீலச் சட்டைத் துணி ஒன்று வந்தது.

"வர்றார்! மச்சான் வர்றார்!" கொக்கு அழுதுகொண்டே வேகமாக இழுத்தான். அடுத்த முள்ளில் சட்டையின் காலர். அதற்கடுத்ததில் பாதி பெல்ட்.

டிரைவர் துணியை எடுத்துப் பார்த்தான். துணி கிழிந்து மாட்டியிருக்கவில்லை. மடித்து, இரண்டு தடவை குத்தியிருந்தது.

"டேய், இது மாட்டினது இல்லடா," என்று கிசுகிசுத்தான். "குத்தினது."

"என்ன சொல்றீங்க?"

"எந்த மீனுக்கு எது வேணுமோ அதைத்தானே குத்துவோம். உனக்கு என்ன வேணும்னு கீழ இருக்கிறதுக்குத் தெரிஞ்சிருக்கு. அறுத்து விடு!"

"அக்காகிட்ட என்னன்னு சொல்ல?"

டிரைவர் நிமிர்ந்தான். கரையைக் காணவில்லை. அணைத்த எஞ்சினோடு படகு இவ்வளவு தூரம் வந்திருந்தது.

அவர்கள் கயிற்றை இழுக்கவில்லை. கயிறுதான் அவர்களை இழுத்திருந்தது.

தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக ஒரு கை தெரிந்தது. விரலில் அக்கா போட்ட மோதிரம். கொக்கு குனிந்தான்.

கை மிதக்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தது.

"வேண்டாம்டா!" டிரைவர் பாய்ந்து அவன் காலைப் பிடித்தான். அந்த நெட்டைக் கால் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை.

எப்படிக் கரை சேர்ந்தான் என்று டிரைவருக்கே தெரியாது. அக்காவின் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் ராத்திரி முழுக்க படகுக் கொட்டகையில் ஒளிந்து கிடந்தான். விடிந்ததும் மனசு கேட்காமல் கிளம்பினான். வீட்டில் அவள் இல்லை.

துறைமுகத்துக் கடைசிப் படியில் நின்றிருந்தாள். கரைக்கே வந்துவிட்டிருந்த ஒரு கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். படியில் கிடந்த முள்ளில் கொக்கின் பனியன் துண்டு, மடித்து, இரண்டு தடவை குத்தி.

"அக்கா, விடுங்க! அது இரை!"

"என் தம்பிடா அவன். எப்படி விடச் சொல்ற?"

டிரைவர் கத்தியை உருவி ஒரே வெட்டாகக் கயிற்றை அறுத்தான். அறுந்த முனை சரசரவென்று கடலுக்குள் இறங்கி மறைந்தது. அவன் அப்படியே படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"போயிடுச்சுக்கா. இனிமே ஒண்ணும் இல்ல."

அவள் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு முள் முழுசாக இறங்கியிருந்தது. அறுந்த கயிற்றோடு போயிருக்க வேண்டிய அதன் தூண்டில் நரம்பு, கடலை நோக்கி விறைப்பாக நீண்டிருந்தது.

"தம்பி இழுக்கிறான்," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த அடியைத் தண்ணீரில் வைத்தாள்.