அறுபத்து நான்காவது வரி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டே வாருங்கள். தொண்ணூற்றாறாம் வருஷத் தைப்பூச லீவில், பெட்டாலிங் ஜெயாவில், பட்டப்பகலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆபீஸ் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கோமதியின் கையிலிருந்த தாளில் அறுபத்து மூன்று மென்பொருள்கள்தான் இருந்தன. கணினித் திரை அறுபத்து நான்கு என்றது. தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கணினியிலிருந்த பழைய மென்பொருள்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை ஏற்ற, ஆபீஸில் ஆளில்லாத அந்த நாள்தான் வாய்த்தது. மேலாளர் ராதாகிருஷ்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "மொதல்ல பழசை டேப்புல ஒரு நகல் எடுத்து வச்சுக்கம்மா. அப்புறம் ஒண்ணொண்ணா ஏத்து, ஓடுதான்னு பாரு. பாதியில மட்டும் சுவிட்சை அணைச்சிடாத. பழசும் இருக்காது, புதுசும் இருக்காது."

ஆனால் கீழே அவள் புருஷன் வாசு மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தான். காப்பார் சாலையில் லோரி மோதியதிலிருந்து இடது காலை இழுத்து இழுத்து நடப்பவன். காவலாளி அறையிலிருந்து போன் போட்டான்.

"இன்னும் எவ்வளவு நேரம் லா? பத்துமலையில உன் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து நானே காவடி எடுக்கணும் போல!"

"எல்லாத்தையும் ஒரே அமுக்கா அமுக்கிட்டு வரேன், இருங்க."

டேப்பில் எதையும் எடுக்கவில்லை. அமுக்கினாள்.

ஏர்கான் நின்ற அறையில் ஈரக் கம்பள வாடையும் சூடேறிய தூசி வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, வெளியே மழை கறுத்துக்கொண்டு வர, உள்ளே கணினியின் வட்டு கரகரவென்று எதையோ மென்று விழுங்குவதுபோல் சுற்ற, வரி வரியாக வந்தது: பழையது நீக்கப்பட்டது. புதியது வைக்கப்பட்டது.

அறுபத்து நான்கு: சுவர்க்கடிகாரம்.

நிமிர்ந்தாள். எப்போதும் ஏழு நிமிஷம் பிந்தி ஓடும் கடிகாரம் சரியான நேரம் காட்டியது.

எண்ணிக்கை அதோடு நிற்கவில்லை. அறுபத்தைந்து: படிக்கட்டுக் கதவு. காற்றுக்கு முனகும் அந்தத் துருப்பிடித்த கதவு, சத்தமே இல்லாமல் ஆடியது.

அறுபத்தாறு: வாசு.

பழையது நீக்கப்படுகிறது.

கை சுவிட்சுக்குப் பாய்ந்தது. நின்றது. பாதியில் அணைத்தால்? எந்தப் பாதி போயிருக்கும்? எந்தப் பாதி மிஞ்சும்?

புதியது வைக்கப்பட்டது.

படியில் காலடி. தட். தட். தட். ஒரே சீராக. இழுப்பு இல்லை.

கதவு திறந்தது. அதே சட்டை. அதே முகம்.

"போகலாமா, கோமதி?"

திரையில் அடுத்த வரி. அவள் பெயர்.

விரல் இன்னும் சுவிட்சின் மேல்தான் இருந்தது. சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு அந்த விரலில் உண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மறைந்தது.

உங்கள் வீட்டில் நொண்டுகிறவர் நொண்டியபடியே, குறட்டை விடுகிறவர் விட்டபடியே, எல்லாரும் நேற்று இருந்தவர்களாகவே நாளையும் எழுந்திருக்கட்டும், கண்ணுகளா.