கைப்பிடிச் சூடு

ஆணியில் தொங்கிய ரிவால்வரைத் துடைக்க எடுத்தபோது அதன் பிடி சூடாக இருந்தது.

ரொசாண்டா அதை உடனே கவனிக்கவில்லை. உறையிலிருந்து உருவி, துணியால் குழலைத் துடைத்து, சிலிண்டரைச் சுழற்றிப் பார்த்து, மறுபடி உறைக்குள் நுழைக்கும்போதுதான் உள்ளங்கை அவளிடம் ஏதோ சொன்னது. அடுப்பு அணைந்து வெகுநேரமாகியிருந்தது. வாளித் தண்ணீரில் பனிக்கட்டி ஆடையாகப் படர்ந்திருந்தது. சன்னல் கண்ணாடி உட்புறமே உறைந்து வெள்ளைப் பூக்களாகப் பூத்திருந்தது. குழலைத் தொட்டுப் பார்த்தாள், விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர். பழுத்த பல்லைப் போல மஞ்சளேறிய அந்த எலும்புப் பிடியில் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல மெல்லிய வெதுவெதுப்பு.

"தோமாஷ்?" என்றாள், தன்னையறியாமல்.

வெளியே ஓட்டின் மேலிருந்து பனி சரிந்து விழுந்த ஓசை மட்டும் கேட்டது.

கணவன் தோமாஷை அவள் இலையுதிர் காலத்தில் புதைத்திருந்தாள். பீவா ஆற்றின் பெரும்பள்ளத்தை ஒட்டிய அந்த மேட்டு நிலத்தில், மாண்டினீக்ரோவின் மற்ற மலையூர்களைப் போலவே, ஒருவன் செத்தால் அவனுடைய நிலம் யாருக்கு என்று கேட்பதற்கு முன் அவனுடைய ரிவால்வர் யாருக்கு என்றுதான் கேட்பார்கள். ஒரு வசந்தத்தில், கேள்வி கேட்காமல் ஆயுதங்களை வாங்கிக்கொள்கிறோம் என்று போலீஸ் அறிவித்தபோது, ஊர் ஆண்கள் துருப்பிடித்த போர்க்காலத் துப்பாக்கிகளை உருளைக்கிழங்கு மூட்டை கொட்டுவது போலக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டுச் சுவரில் புனிதர் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய ரிவால்வரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் சாப்பாட்டிலேயே தோமாஷின் தம்பி வுகோசாவ் பேச்சை எடுத்துவிட்டான்.

"அண்ணி, வீட்டை நீங்களே வச்சுக்குங்க. புல்வெளியை வச்சுக்குங்க. குதிரையைக்கூட நான் கேக்கல. அண்ணனோட ரிவால்வரை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. அது ஆம்பள இடுப்புல இருக்கவேண்டிய சாமான்."

"உன் இடுப்புல நிக்குமாடா? கால்சட்டையே நிக்கமாட்டேங்குது" என்றாள் ரொசாண்டா.

துக்க வீடென்றும் பாராமல் மேசையே சிரித்தது. வுகோசாவும் சிரித்தான். ஆனால் கிளம்பும்போது சுவரருகே நின்று, கர்ப்பிணியின் வயிற்றைத் தொடுபவனைப் போல, உறையைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவளால் கொடுக்க முடியவில்லை. அவள் மணப்பெண்ணாக இந்த மேட்டில் ஏறி வந்த அன்று தோமாஷ் வானத்தை நோக்கி அதைக்கொண்டுதான் சுட்டான். பையன் பிறந்தால்தான் சுடுவது வழக்கம், ஆனால் மகள் ராத்மிலா பிறந்தபோது அவன் முற்றத்தில் நின்று சிலிண்டர் காலியாகும்வரை சுட்டான். ஊர் கேலி செய்ததற்கு, "எனக்கு ராஜாத்தி பொறந்திருக்கா, உங்களுக்குக் காது வலிச்சா பஞ்சு வச்சுக்குங்க" என்று கத்தினான். அந்த எலும்புப் பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. தன் கட்டைவிரலை அதில் வைத்தால் அவன் கைமேல் கை வைத்த மாதிரி இருக்கும் அவளுக்கு. செத்தவன் விட்டுப்போன சட்டையில் வாசனை போய்விட்டது. தொப்பியில் போய்விட்டது. பிடியில் மட்டும் அவன் இன்னும் இருந்தான்.

அதனால் சூட்டைக் கண்டு அவள் பயப்படவில்லை. அதுதான் அவள் செய்த தவறு.

மறுநாளும் சூடாக இருந்தது. அதற்கடுத்த நாளும். பெரும்பனி விழுந்து மின்கம்பி அறுந்து, தொலைபேசியும் செத்து, மதியத்துக்குப் பிறகே இருட்டத் தொடங்கும் அந்த நாட்களில், அடுப்புக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு ரிவால்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது அவளுக்குப் பழக்கமாயிற்று. பசு பால் குறைத்துவிட்டதைச் சொன்னாள். ராத்மிலா ஜெர்மனியிலிருந்து ஈஸ்டருக்கு வரப்போவதைச் சொன்னாள். கைக்குள் பிடியின் சூடு மெல்ல ஏறும், இறங்கும், தூங்குகிறவனின் மூச்சைப் போல. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தோமாஷ் அவள் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை.

வாசனைதான் முதலில் இடறியது. தோமாஷ் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். அவன்மேல் எப்போதும் பைன் மரத்தூள் மணக்கும். ரிவால்வரை மடியில் வைத்திருக்கும் நேரங்களில் அறைக்குள் வந்து நின்ற வாசனை வேறாக இருந்தது. ஈரக் கம்பளி. ஆட்டுக்கொழுப்பு. அதற்கடியில், மண்ணில் வெகுகாலம் கிடந்த இரும்பின் புளிப்பு. உறைத்தோலின் வாசனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். உறையைக் கழற்றித் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு வந்தாள். வாசனை போகவில்லை.

பிறகு அந்த அந்திப்பொழுது.

சன்னலில் நீலம் கறுத்துக்கொண்டிருந்தது, விளக்கை இன்னும் ஏற்றவில்லை, அடுப்பின் இடுக்கு வழியாக விழுந்த சிவப்புக் கோடு தரையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பிடியைப் பிடித்தபடி கண் அயர்ந்திருந்தாள். பாதித் தூக்கத்தில் அவள் கைமேல் ஒரு கை வந்து மூடியது. மெதுவாக. பெரிய கை. காய்த்துப்போன உள்ளங்கை. அவள் கண்ணைத் திறக்கவில்லை, திறந்தால் போய்விடும் என்று. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அந்தக் கை அழுத்தியது. கட்டைவிரல் அவள் கட்டைவிரலின் மேல். சுட்டுவிரல். நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல்.

ரொசாண்டாவின் அழுகை நின்றது.

தோமாஷுக்கு வலது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் கிடையாது. ஆலை ரம்பம் அவற்றைக் கொண்டுபோனபோது ராத்மிலா பால்குடிக் குழந்தை.

அவள் கண்ணைத் திறந்தாள். மடியில் அவள் கை. கையில் ரிவால்வர். வேறொன்றும் இல்லை. ஆனால் அவளுடைய விரல் கணுக்கள், யாரோ இறுக்குவதுபோல, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தன.

கையை உதறினாள். உதறினாள். ரிவால்வர் தரையில் விழுந்து சுழன்று நின்றது, குழல் அவளை நோக்கி. குண்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சுவரோரமாக நகர்ந்து போய், விறகு தள்ளும் கம்பியால் அதைக் கம்பளித் துணிக்குள் தள்ளி, துணியோடு தூக்கிச் சீதனப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். மூடியின் மேல் மாவு மூட்டையை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. முட்டுவதல்ல, சுரண்டுவதல்ல. சாப்பாடு வரும்வரை விருந்தாளி மேசையில் விரல்களால் தாளம் போடுவானே, அப்படி. சுண்டுவிரலிலிருந்து சுட்டுவிரல்வரை, வரிசையாக. பொறுமையாக. மறுபடி.

விடியும்வரை அவள் தொழுவத்தில் பசுவின் மேல் சாய்ந்து கிடந்தாள்.

காலையில் மூடுபனியை விலக்கிக்கொண்டு வுகோசாவ் வந்தான், இடுப்பளவு பனியில் உழுதுகொண்டு, கோட்டுக்குள் சூடான ரொட்டியைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

"உயிரோட இருக்கீங்களா அண்ணி? உங்க புகைபோக்கியில புகையக் காணோம், என் பொண்டாட்டி ஒரே அழுகை. என்னது, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"தூக்கமில்லை."

"பசுவோட படுத்தா எப்படி வரும்? தலையெல்லாம் வைக்கோல்" என்று அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து, அவனே அடுப்பை மூட்டி, அவனே பிளம் சாராயத்தை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினான். பெட்டி அமைதியாக இருந்தது. ரொசாண்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுகோசாவ், அந்த ரிவால்வர் முதல்ல யாரோடது?"

"மாக்சிம் தாத்தாவோடது. ஊருக்கே தெரியுமே."

"அதுக்கு முன்னாடி?"

வுகோசாவ் சிரித்தான். பெருமையான கதையைச் சொல்லப்போகிறவன் நாற்காலியை முன்னால் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டான். "அண்ணன் சொன்னதில்லையா? பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துக் குலத்துக்காரன் ஒருத்தனோடது. பேரைச் சொல்லக்கூடாதுன்னு விட்டுவிட்டு யாருக்கும் தெரியாமலே போச்சு. பழிக்குப் பழி. மாக்சிம் தாத்தா அவனைப் பள்ளத்து விளிம்புல மடக்கிச் சுட்டுட்டாரு. ஆனா ரிவால்வரைப் பிடுங்க முடியல. விரலு விடல. பனியில விறைச்சுப் போச்சுன்னு மத்தவங்க சொன்னாங்களாம். தாத்தா அப்படிச் சொல்லமாட்டாராம். 'அவன் விடல, அவ்வளவுதான்'னுதான் சொல்வாராம். கடைசியில மணிக்கட்டோட…" மேசையின்மேல் கையால் வெட்டிக்காட்டினான். "உடம்பைப் பள்ளத்துல தள்ளிட்டு, கையோடதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. இதோ இந்த அடுப்புப் பக்கத்துல வச்சு, வெந்நீர் ஊத்தி ஊத்தி, ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்களாம்."

"அந்தக் கையை என்ன பண்ணாங்க?"

"யாருக்குத் தெரியும்? நாய்க்குப் போட்டிருப்பாங்க." சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தான். "அப்படி எடுத்த சாமான் அண்ணி. அதான் எனக்கு ஆசை. வேற ஒண்ணுமில்ல. சின்ன வயசுல அப்பா அதைத் துடைக்கிறப்போ அண்ணனும் நானும் ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்துக்கிட்டிருப்போம். அப்பா அண்ணன்கிட்டதான் குடுத்தாரு. அதுல எனக்கு வருத்தமில்ல. அண்ணனும் போனப்புறம், அதைத் தொட்டா ரெண்டு பேரையும் தொட்ட மாதிரி இருக்குமேன்னு…"

"எடுத்துக்க" என்றாள் ரொசாண்டா.

அவனுக்குப் புரியவில்லை.

"பெட்டியில இருக்கு. எடுத்துட்டுப் போ."

வுகோசாவ் எழுந்தான். மாவு மூட்டையை இறக்கினான். கம்பளியை விரித்து அதை எடுத்தான். பிடியை முத்தமிட்டான். அவள் முன்னால் வந்து குனிந்து அவள் கையையும் முத்தமிட்டான்.

"அண்ணி, நீங்க எனக்கு என்ன குடுத்திருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

"அது… சில நேரம் சூடா இருக்கு, வுகோசாவ்."

"அடுப்புக்குப் பக்கத்துச் சுவர்ல மாட்டிவச்சா சூடா இல்லாம?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அவன் அதை இங்கேயே வைத்துவிட்டுப் போனாலும் போய்விடுவான். ரிவால்வரை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு அவன் கிளம்பியபோது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது யாருடைய கை என்று அவளுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம்.

வீடு வெறுமையாக இருந்தது. சுத்தமான வெறுமை. ஈரக் கம்பளி வாசனை இல்லை. அவள் முதல்முறையாக மூச்சை முழுசாக இழுத்தாள். பிறகு சன்னலில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு, அவன் போவதைப் பார்த்தாள்.

மூடுபனி கொஞ்சம் கிழிந்திருந்தது. வெள்ளைச் சரிவில் கறுப்பாக வுகோசாவ் நடந்துகொண்டிருந்தான். கல்சுவரருகே பாதை இடப்பக்கம் திரும்பி அவன் வீட்டுக்குப் போகும். நேரே போனால் பள்ளத்து விளிம்பு.

அவன் கல்சுவரைத் தாண்டினான். திரும்பவில்லை.

அவனுடைய நடையில் ஏதோ சரியில்லை. வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கவில்லை. முன்னால் நீண்டிருந்தது. கொஞ்சம் உயர்ந்து. கடைத்தெருவில் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் குழந்தையின் கையைப் போல. அந்தக் கையில் ரிவால்வர்.

தாழ்ப்பாள் எப்படித் திறந்ததோ. செருப்பில்லாமல் பனிக்குள் இறங்கினாள்.

"வுகோசாவ்!"

அவன் நின்றான். தலையை மட்டும் திருப்பினான். அவ்வளவு தூரத்திலும் அந்த முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி!" என்று கத்தினான். "அண்ணன் வந்திருக்கான் அண்ணி! என் கையைப் பிடிச்சிருக்கான்!"

"அது தோமாஷ் இல்ல!" அவள் தொண்டை கிழிந்தது. "விரலைப் பாரு! வுகோசாவ், விரலைப் பாரு!"

அவன் தன் கையைக் குனிந்து பார்த்தான்.

வெகுநேரம் பார்த்தான்.

பிறகு கையை இழுத்தான். வரவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கால்களை அகட்டி ஊன்றி இழுத்தான். அப்படியே பின்னால் சாய்ந்துகொண்டான். குதிகால்களைப் புதைத்தான். கை மட்டும் நேராக நீண்டு, விறைத்து, விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவன் நகரத் தொடங்கினான்.

சாய்ந்தபடியே. சத்தமில்லாமல். வேகமில்லை. அவசரமில்லை. அவனும் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். ரொசாண்டா ஓடினாள், பனி தொடைவரை பிடித்தது, விழுந்தாள், எழுந்தாள். மூடுபனி மறுபடி சேர்ந்துகொண்டது.

கல்சுவரை அவள் எட்டியபோது அங்கே யாருமில்லை. அவனுடைய குதிகால்கள் உழுத இரண்டு சால்கள் மட்டும், ஆழமாக, ஒன்றுக்கொன்று இணையாக, சரிவில் இறங்கி விளிம்புவரை போய் நின்றன. அவனை இழுத்துப்போனவன் நடந்திருக்க வேண்டிய இடத்தில், சால்களுக்கு நடுவிலும் பக்கங்களிலும், இரவில் விழுந்த பனி அப்படியே கிடந்தது, ஒரு காலடியும் படாமல்.