இடது ஓரக் கறுப்பு

திரையின் இடப்பக்கக் கறுப்புப் பட்டை ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அண்ணன், உலகத்தில் எல்லாருடைய கண்ணுக்கும் தானே பொறுப்பு என்று நினைப்பவன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய பழைய மானிட்டரைக் கம்ப்யூட்டர் கடையில் மாற்றிக்கொடுத்துவிட்டு இந்த அகல மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அகலம் இருபத்தொன்று என்றால் உயரம் ஒன்பது. மேசையில் ஆள் படுத்த மாதிரி கிடந்தது. புது பிளாஸ்டிக் சூடாகிற நாற்றம், திரை கூசாமலிருக்க ஜன்னல் சீலையை இழுத்துவிட்ட அந்தச் சாயங்கால அறையில், தொண்டைவரை இறங்கியது.

ஐந்து மணிக்கு ஆன்லைன் துப்பாக்கிச் சண்டைப் போட்டியின் அரையிறுதி. இப்போது நாலு ஐம்பது. இன்று சொதப்பினால் அணியில் அவள் இடத்துக்கு வேறொருத்தி தயாராக உட்கார்ந்திருக்கிறாள். போட்டி விதியோ பதினாறுக்கு ஒன்பதுதான். அகலத் திரை வைத்திருப்பவன் ஓரத்தில் ஒளிந்திருக்கிறவனையும் பார்த்துவிடுவான் என்று தடை போட்டிருந்தார்கள். ஆக, இத்தனை அகலத்தை வைத்துக்கொண்டு நடுவில் மட்டும் படம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ஏட்டுச் சுரைக்காய் கதைதான். அந்தப் பட்டையாவது ஒழுங்காக இருந்ததா? வலப்பக்கம் நாலு விரல், இடப்பக்கம் ஐந்து. விரலை வைத்து இரண்டு தடவை அளந்துவிட்டாள்.

"கொசு, ரெடியா?" ஹெட்போனில் கேப்டன். மறைந்திருந்து கடித்துவிட்டு ஓடிவிடுவாள் என்பதால் அணியில் அவளுக்கு அந்தப் பெயர். "இன்னிக்கு இடது பக்கம் முழுக்க நீதான் பாக்கணும்."

"ஸ்கிரீன் தகராறு. ரெண்டு நிமிஷம் குடு."

"விளையாடாத. லேட்டானா நம்மள தூக்கிடுவாங்க."

ரெசல்யூஷன் பட்டியலைத் திறந்து 2560-லிருந்து 1920-க்கு இறக்கினாள். எழுத்தெல்லாம் மங்கியது. இடப்பட்டை ஆறு விரலானது. பல்லைக் கடித்துக்கொண்டு 3440-க்கு, முழு அகலத்துக்கு, ஏற்றினாள். வலப்பட்டை போய்விட்டது. இடது ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் கறுப்பு அப்படியே நின்றது.

பழுதான சாமானை அண்ணன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவனும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வந்திருக்கிறான்.

"அண்ணா! இங்க வா!"

"கை ஈரமா இருக்கு பாப்பா, தொடச்சிட்டு வரேன்," சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அது வலது காதில் மட்டும் கேட்டது. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிப் பார்த்தாள். மின்விசிறியின் முனகல், தெருவில் ஒரு வண்டி, சமையலறையில் குழாய், எல்லாமே வலப்பக்கத்திலிருந்துதான் வந்தன. இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கக் கன்னம் மட்டும் சில்லென்றிருந்தது.

ஆத்திரத்தில் மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்து வலப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினாள்.

திரை நகர்ந்தது. கறுப்பு நகரவில்லை.

இருந்த இடத்திலேயே, வெறும் காற்றில், தரையிலிருந்து கூரைவரை நின்றது. அதற்குப் பின்னால் இருக்கவேண்டிய சுவர் இல்லை. புத்தக அலமாரியில் பாதி இல்லை. கத்தியால் வெட்டிய மாதிரி நேரான விளிம்பு. இடது கண்ணை மூடினாள். இருந்தது. வலது கண்ணை மூடினாள். அப்போதும் இருந்தது.

கதவு அந்தப் பக்கம்தான்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெளிச்சம் வரவில்லை.

"ஏன் பாப்பா லைட்ட அணைச்ச?"

"அணைக்கல. அண்ணா, அப்படியே திரும்பிப் போயிடு."

"விளையாட்டா? கதவு எங்க?" சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "பாப்பா. கைக்கு எதுவுமே தட்டுப்படல."

அவன் குரல் அந்த அறையின் நீளத்தைவிடத் தூரத்தில் இருந்தது.

"யாரு உன்ன இத வாங்கச் சொன்னா?" கத்தினாள். அழுகையும் சேர்ந்து வந்தது. "யாரக் கேட்டு வாங்கின? எதையாவது கேட்டுட்டுச் செஞ்சிருக்கியா நீ!"

"திட்டாத பாப்பா. திட்டறதும் தூரத்துலதான் கேக்குது."

கறுப்பு பரவி வந்து விசைப்பலகையின் இடது ஓர எழுத்துகளைத் தொட்டது. அவள் இடது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கழுத்தில் கேப்டன் கீச்சிட்டான். "கொசு! ஆரம்பிச்சாச்சு! எங்க போன?"

போகட்டும். அணியும் போகட்டும். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

பட்டை போகவேண்டும். அவ்வளவுதான். பட்டியலின் கடைசியில் ஒன்று இருந்தது: இழுத்து நிரப்பு. நாலுக்கு மூன்று அளவுச் சின்னப் படத்தைப் பிடித்து, ஓரம் மிச்சமில்லாமல், திரை முழுக்க இழுத்துவிடும். ஆட்களெல்லாம் குண்டாகத் தெரிவார்கள், சுடுவது சுலபம் என்று சிலர் அப்படித்தான் விளையாடுவார்கள். கறுப்பு மட்டும் இருக்காது.

அழுத்தினாள்.

கறுப்பு பின்வாங்கியது. அலமாரி வந்தது. சுவர் வந்தது. கதவு வந்தது. நடையின் மஞ்சள் வெளிச்சம் அறைக்குள் விழுந்தது. இடது காதில் மின்விசிறி முனகியது. அவள் மூச்சு விட்டாள்.

"அப்பாடா," என்றான் அண்ணன், பக்கத்திலேயே. "தெரியுது பாப்பா. வந்துட்டேன்."

கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு கை வந்தது. ஈரக் கை. ஒவ்வொரு விரலும் உள்ளங்கை அகலம்.

பிறகு காது. பிறகு ஒரு கண். அவனுடைய கண்தான், ஆனால் பக்கவாட்டில் நீண்டு, விழி ஒரு கோடாக. பிறகு கன்னம். கன்னம். இன்னும் கன்னம். அவள் மூக்குக்காகக் காத்திருந்தாள்.

"என்ன பாப்பா அப்படிப் பாக்குற?" வாயின் ஓரம் அசைந்தது.

சதை நிலையில் உரசிக்கொண்டு, மெதுவாக, அவன் உள்ளே வந்துகொண்டே இருந்தான். கன்னம் கதவிலிருந்து அலமாரிவரை வந்துவிட்டது. இன்னொரு கண் இன்னும் வரவில்லை.