டீக்கு முன்னால் அரை மணி!

செல்போன் அலறியபோது சப்-இன்ஸ்பெக்டர் தங்கலட்சுமி கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

மணி ஐந்து ஐம்பது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. டீ குடிக்க இன்னும் பத்து நிமிடம். ஆறு வருடமாக இந்த அரை மணி நேரம்தான் டாக்டர் அவளுக்கு விதித்த தண்டனை.

போனில் ஏட்டு இன்பராஜ்.

"மேடம், பரளச்சியில ஒருத்தனுக்கு பொண்டாட்டியே வெசம் வச்சுட்டாளாம். உசுரு இருக்கு. ஆனா கழுத்துக்குக் கீழ எதுவும் அசையலயாம்."

டீ போச்சு!

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெள்ளத்துரை கிடந்தான். வயது முப்பது. பஞ்சு மூட்டையை ஒற்றை ஆளாய் லாரியில் ஏற்றுகிறவன், இப்போது மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே தரையில் அவன் மனைவி ரேணுகாதேவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

நாற்காலியில் புகார் கொடுத்த அழகுராஜா. வெள்ளத்துரையின் பெரியப்பா மகன். டவுனில் ஜிம் நடத்துகிறான். இரண்டு சைஸ் சின்ன பனியனைப் போட்டுக்கொண்டு, மூச்சு விட பயந்தவன் போல் உட்கார்ந்திருந்தான்.

நேற்றுக் கோயிலில் கிடா விருந்தாம். தம்பி மூன்று இலைச் சோறு தின்றானாம். வீட்டுக்குப் போய் இவள் கொடுத்த பாலைக் குடித்தானாம். விடிந்தால் இந்தக் கதி. சொல்லிவிட்டு ஒரு காலி டப்பாவை நீட்டினான்.

"இவளோட தைராய்டு மாத்திர, மேடம். போன வாரம் வாங்குன நூறு மாத்திர, இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல. பூராத்தையும் தம்பிக்குக் கரச்சுக் குடுத்துட்டா. இவள உள்ள போடுங்க."

ரேணுகாதேவி அழுகைக்கு நடுவே இல்லை என்று தலையாட்டினாள்.

டாக்டர் சுபத்ரா ரத்த ரிப்போர்ட்டோடு வந்தாள். தைராய்டு எகிறிக் கிடந்தது. அந்த நிலையில் வயிறு முட்டச் சோறு தின்றதும், ரத்தத்தில் இருந்த பொட்டாசியம் தசைக்குள் ஓடிவிட்டது. தசை பூட்டிக்கொண்டது. டிரிப் ஏறினால் மத்தியானம் எழுந்துவிடுவான் என்றாள்.

"தைராய்டு கூடுனா பலம் கூடாதா டாக்டர்?" என்றார் ஏட்டு.

"தறிய ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டுனா துணியா கூடும்? நூல் அறும், மோட்டார் புகையும். உடம்பும் அப்படித்தான், அளவுக்கு மேல எரிஞ்சா கழிவு சேரும். அது தசையையே அரிச்சிடும். தைராய்டு குறைஞ்சாலும் தசை தளர்ந்துதான் போகும்."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இதைப் பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதியும் யார் கேட்டார்கள்?

டப்பா, மாத்திரை, ரிப்போர்ட்... எல்லாமே ரேணுகாதேவியைத்தான் காட்டின. தங்கலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லை. எழுந்திருக்கச் சொன்னாள்.

ரேணுகாதேவி எழுந்தாள். கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் ஊன்றி, கடைசியில் சுவரைப் பிடித்து! இருபத்தேழு வயதுப் பெண்!

மாத்திரை தொடங்குவதற்கு முன் தங்கலட்சுமியும் இப்படித்தான் எழுவாள்.

"ஏம்மா, நீ மாத்திரையே போடுறதில்லையா?"

"டப்பா வந்தா ஒரு வாரத்துல காலியாயிருது மேடம். அவுகளக் கேட்டா எலி தூக்கிட்டுப் போயிருக்கும்ங்காக."

"சரி... உன் வீட்டுக்காரருக்கு காலையில டீ எப்ப குடுப்ப?"

இதென்ன விசாரணை என்பதுபோல் ஏட்டு பார்த்தார்.

"முன்னெல்லாம் முழிச்சதும் டீ இல்லன்னா வீடு ரெண்டாயிரும். இப்ப ரெண்டு மாசமா, அரை மணி கழிச்சுக் கொண்டான்னு சொல்லுறாக."

தங்கலட்சுமி நேராகக் கட்டிலுக்குப் போனாள்.

"வெள்ளத்துரை, நீயா முழுங்குன மாத்திரைக்கு உன் பொண்டாட்டி ஜெயிலுக்குப் போகணுமாய்யா? அந்த அரை மணி நேரம் என்னன்னு எனக்குத் தெரியும். நானும் தெனம் காத்துக் கெடக்குறவதான்."

அவன் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை.

"தொப்ப கரைஞ்சு ஒடம்பு முறுக்கேறும்னு அண்ணந்தான் சொன்னாக மேடம். அவ மாத்திரைய எடுத்து பாதி நான், பாதி அவுக. கூடப் போட்டா சீக்கிரம் கரையும்னாக. ரேணுவ விட்டுருங்க."

வராந்தாவில் அழகுராஜாவின் முகம் செத்துப்போயிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"எந்திரிய்யா. பொய்ப் புகார் குடுத்ததுக்கு ஸ்டேஷன்ல பேசுவோம்."

எழுந்தான்.

இல்லை... எழப் பார்த்தான்! தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. பொத்தென்று நாற்காலியிலேயே விழுந்தான். மறுபடி முயன்றான். மறுபடி பொத்!

ஏட்டு இன்பராஜ் விலங்கை எடுத்தார்.

"அது எதுக்கு ஏட்டய்யா, ஓடவா போறான்? ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்து நாற்காலியோட தூக்குங்க. வாரப்ப எனக்கு ஒரு டீ... அரை மணி எப்பவோ முடிஞ்சிருச்சு!"