வில்ஃபின் சாச்சு

இன்று மதியம் வில்ஃப் தூங்கியாக வேண்டும். அவன் தூங்கினால்தான் அம்மா தூங்க முடியும். அம்மா தூங்கினால்தான் இரவு வேலைக்குக் கார் ஓட்டிப் போக முடியும்.

போன வாரம் தூங்காமலே கிளம்பினாள். வழியில் கண் சொக்கி, கார் வேலிக்குள் புகுந்துவிட்டது. அம்மாவுக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஹெட்டி அம்மாவின் கண்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. தம்பி வில்ஃபுக்கு இரண்டு. அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார்.

வில்ஃப் தூங்க இரண்டு வேண்டும். ஒன்று, வயல் பக்கம் ஒரு சின்ன நடை. இன்னொன்று, சாச்சு.

சாச்சு என்பது அப்பாவின் பழைய சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. ஒற்றைதான். அதன் ஜோடி எங்கே என்று அப்பாவுக்கே தெரியாது.

காரை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில், வாத்துக் குளத்துப் பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை இருந்தது: 'குழந்தை வண்டி எளிதாகச் செல்லும்.'

"இத எழுதினவங்க ஒரு நாளாவது வண்டி தள்ளியிருப்பாங்களா?" அம்மா சேற்றில் புதைந்த சக்கரத்தை உதைத்தாள்.

வயல் வேலியின் மரக்கதவு அருகே சிவப்பாக ஏதோ கிடந்தது. ஒரு குட்டிக் கையுறை. ஹெட்டி சேற்றைத் துடைத்து, கதவுத் தூணின் மேல் அதை மாட்டினாள்.

"ஹெட்டி, நேரமாகுது. வா!"

"தேடிக்கிட்டு வருவாங்கம்மா. பாவம், ஒரு கை குளிருமில்ல?"

குளத்தில் வாத்துகள் இருந்தன. அவற்றுக்குப் போடக் கொண்டுவந்த ரொட்டியை வில்ஃப் தானே தின்றான். பிறகு கண்ணைக் கசக்கினான். கையை நீட்டினான்.

"சாச்சு."

வண்டியில் இல்லை. பையில் இல்லை. அம்மாவின் கோட்டுப் பையில் இல்லை.

வில்ஃப் அலற ஆரம்பித்தான்.

"வந்த வழியிலதான் போட்டிருப்பான்," அம்மா வண்டியைத் திருப்பினாள். "கீழ பாத்துக்கிட்டே நட."

இருவரும் குனிந்தபடி திரும்பி நடந்தார்கள். சேறு, ஆட்டுப் புழுக்கை, சருகு. தூரத்தில் ஒரு வேலிக் கம்பத்தின் மேல் சாம்பல் நிறப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. வில்ஃப் போட்ட கூச்சலுக்கு அதுகூட அசையவில்லை.

"அம்மா, இன்னைக்கு லீவு போடேன்."

"போன வாரமே போட்டாச்சு. இன்னொரு தடவ கேட்டா வேலைய விட்டே அனுப்பிடுவாங்க."

ஹெட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. மறுபடி குனிந்து தேடினாள்.

மரக்கதவை நெருங்கியபோது, ஒருவர் நாயோடு பின்னாலிருந்து வந்தார்.

"ஏன் இவ்ளோ அழுகை?"

"சாக்ஸ் தொலைஞ்சுபோச்சு. சாம்பல் கலர். பாத்தீங்களா?"

"ஒத்த சாக்ஸுக்கா?" அவர் சிரித்தார். "என் வீட்ல ஒரு பொட்டி நிறைய கிடக்கு. தரட்டுமா?"

"எங்களுக்கு அதுதான் வேணும்." ஹெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "குளத்துலேர்ந்து வர்றேன். வழில எதுவும் கிடக்கலையேம்மா. கிடந்தா இவன் கவ்வியிருப்பான்." நாய் வாலை ஆட்டியது. அவர் நாயோடு மரக்கதவைத் தாண்டிப் போனார்.

அம்மா கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "விடு ஹெட்டி. போகலாம்."

கீழே கிடக்கவில்லை என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். சேறு படிந்த பழைய காலுறையை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? ஹெட்டி நிமிர்ந்தாள். அம்மாவின் தலைக்குப் பக்கத்தில், தூணின் மேல் சிவப்புக் கையுறை நின்றது.

"அம்மா! அந்தப் பறவை ஏன் பறக்கல?"

"எந்தப் பறவை?"

ஹெட்டி வந்த வழியே திரும்பி ஓடினாள். இரண்டு முறை வழுக்கி விழுந்தாள்.

வேலிக் கம்பத்தின் மேல், குல்லா போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது சாச்சு. யாரோ எடுத்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் செய்தது போலவே.

"எங்கடி இருந்துச்சு?" என்றாள் அம்மா.

"மேல. நாம கீழேயே தேடிக்கிட்டிருந்தோம்."

வில்ஃப் சாச்சுவை மூக்கில் வைத்துக்கொண்டான். காரை அடைவதற்குள் தூங்கிவிட்டான்.

"அஞ்சே நிமிஷம் கண்ண மூடிக்கிறேன்," என்று சொன்ன அம்மா, அதைச் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை விட்டாள். ஹெட்டி கதவுகளைப் பூட்டிக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் போயே போய்விட்டது. அவள் எழுப்பவில்லை.

கைக்குழந்தையோடு ஒரு பெண் மரக்கதவுப் பக்கம் வந்தாள். குனிந்து, புல்லை விலக்கி, எதையோ தேடினாள். குழந்தையின் ஒரு கையில் சிவப்புக் கையுறை.

'மேல பாருங்க!' என்று கத்த வாய் திறந்த ஹெட்டி, சட்டென்று மூடிக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் இரு கைகளையும் ஆட்டினாள். விரலால் மேலே காட்டினாள்.

அந்தப் பெண் முதலில் வானத்தைப் பார்த்தாள். பிறகு தூணைப் பார்த்தாள்.

கையுறையை எடுத்துக் குழந்தையின் கையில் மாட்டிவிட்டு, ஹெட்டியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். ஹெட்டியும் உயர்த்தினாள், துளி சத்தம் இல்லாமல்.