கடிவாய் இல்லாத குட்டிகள்

பட்டாசு மருந்து அறையில் பகல் முழுக்கக் குந்தியிருந்தவனுக்கு இடுப்பு சாயங்காலம்தான் வலிக்க ஆரம்பிக்கும். பைக்கை விட்டு இறங்கும்போது காலைக் கையால் தூக்கித்தான் வைக்க வேண்டும். அன்றும் அப்படித்தான், வெம்பக்கோட்டை அணைக்கு மேற்கே, சோளம் அறுத்துக் கிடந்த கரிசல் காட்டில், அந்தப் பழைய மோட்டார் ரூம் வாசலில் இறங்கினேன்.

கிணறு வற்றி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு அந்த ரூமில் யாரும் இருந்ததில்லை. மாசியில் காட்டு உரத்துக்காக ஆட்டுக்கிடை போட வந்த நாங்கள்தான் தங்கினோம். நான், என் வீட்டுக்காரி குருவம்மாள், ஏழு மாசப் பிள்ளை ஓவியா. பகலில் ஆடு பார்ப்பது குருவம்மாள்; ராத்திரி நான். தாய் ஆடுகள் அய்யாதுரை அண்ணாச்சியுடையவை. ஈனும் குட்டியில் பாதி எங்களுக்கு. அந்தப் பாதி பெருகினால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் வேலையை விட்டுவிடலாம். பிள்ளை பிறந்த அன்று குருவம்மாள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"உக்காராதீக," என்றாள். "இன்னிக்கும் ஒரு குட்டியக் காணோம்."

அதோடு இரண்டு. கிடையைச் சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே நரித்தடம் ஓடைப் பக்கம் இறங்கியிருந்தது.

பக்கத்துக் காட்டு ஒச்சப்பன் கம்பெனியில் என் கூட வேலை பார்க்கிறவன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏலே சங்கிலிமுத்து, மருந்துக்காரன் கிடையில நரி வந்து விருந்து தின்னுட்டுப் போகுதா? வெளிய சொல்லிராதலே, ஊரு சிரிக்கும். ஒரு அவுட்டுக்காய உருட்டி வையி. கடிச்சா தலையே இருக்காது."

கறிக்குள் மருந்து வைத்து உருட்டி, நரித்தடத்தில் வைத்தேன். அளவு தப்பாத கை என்னுடையது. ஆனால் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டால் போலீஸ் வருமே என்று பயந்து, நானாகத்தான் மருந்தைக் குறைத்தேன்.

அன்று ராத்திரி ஒரே ஒரு சத்தம். ஓலைவெடி அளவுகூட இல்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் நரி இல்லை. கரிசலில் ரத்தம். அதன் நடுவில், பல்லோடு, கீழ்த்தாடை.

"இனி அது கஞ்சிதாம்லே குடிக்கணும்," என்றான் ஒச்சப்பன். நானும் சிரித்தேன்.

பதினைந்து நாள் ஊளைச் சத்தமே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

பதினாறாம் நாள் காலையில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. கடிவாய் இல்லை. ரத்தம் இல்லை. கழுத்து மட்டும் நனைந்து, மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. ஈன்ற ஆடு குட்டியை நக்கிவிட்டால் அப்படி இருக்கும். குனிந்து முகர்ந்தேன். மருந்து வாடை.

"உங்க கை வாடையாத்தான் இருக்கும்," என்றாள் குருவம்மாள்.

என் கையில் இருப்பது வெடிக்காத மருந்தின் வாடை. சோற்றில்கூட அது ஒட்டும், எனக்குப் பழக்கம். இது வெடித்த மருந்தின் வாடை.

மறுநாளும் ஒன்று. அதே மாதிரி.

மூன்றாம் ராத்திரி நான் படுக்கவில்லை. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிடைக்கு வெளியே குத்தவைத்திருந்தேன். அமாவாசைக்கு முந்தின இருட்டு. தூரத்தில் சாத்தூர்ப் பக்கம் போகிற லாரிச் சத்தமும் ஓய்ந்துபோனது. அணையிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நின்றது. கொஞ்ச நேரத்தில் ஆடுகள் அசை போடுவதை நிறுத்தின. எல்லா ஆடும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

அப்போது கேட்டது.

சளப். சளப்.

நாய் தண்ணீர் குடிக்கிற மாதிரி. வலைக்கு உள்ளே.

லைட்டை அடித்தேன். நரி என்றால் கண் மின்னும். எந்தக் கண்ணும் மின்னவில்லை. நடுவில் ஒரு குட்டி அசையாமல் நின்றது. அதன் கழுத்து மயிர் மேலிருந்து கீழே அமுங்கியது. எழும்பியது. மறுபடியும் அமுங்கியது.

பக்கத்தில் எதுவுமே இல்லை.

கம்பை வீசினேன். வெறுங்காற்றில் போனது. குட்டி முழங்காலை மடித்து மெதுவாகப் படுத்தது. ஓடிப் போய்த் தூக்குவதற்குள் தலை தொங்கிவிட்டது.

விடிந்ததும் ஒச்சப்பனைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினேன். அந்த நரி உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். சீமைக்கருவேல மூட்டில் ஒரு வங்கு, நரிப் பொந்து, இருந்தது. மண்ணை இடித்துத் தள்ளினோம்.

பெட்டை நரி. தோல் காய்ந்து எலும்போடு ஒட்டிக் கிடந்தது. மேல்வாய் மட்டும் இருந்தது. வயிற்றோரம், காம்பில் வாய் வைத்தபடியே, சுள்ளியாகக் காய்ந்த குட்டிகள்.

"நாலு," என்றான் ஒச்சப்பன். சிரிப்பு இல்லை. பிறகு ரகசியம் பேசுகிற மாதிரி, "செத்து பத்து நாளுக்கு மேல இருக்கும்லே. அப்பம் ராத்திரி வந்தது எது?"

அன்றைக்கே கிடையைப் பிரித்து, ஆடுகளை லோடு வண்டியில் ஏற்றி, அண்ணாச்சி தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன்.

"கடிவாய் இல்லாமச் செத்த குட்டிக்கு நரியச் சொல்லுதியேப்பா," என்றார் அய்யாதுரை அண்ணாச்சி. "எனக்குக் காது குத்தி அம்பது வருசமாச்சு."

செத்ததையெல்லாம் என் பங்கில் கழித்து, ஒரே ஒரு குட்டியைக் கையில் கொடுத்தார். மருந்து அறையை விடுகிற பேச்சு அதோடு முடிந்தது.

ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். குருவம்மாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். பிறகு காதோரம் வந்து சொன்னாள்.

"இதையும் கொண்டுபோய் அங்கன கட்டிட்டு வாங்க. கேக்கிறதக் குடுத்துருவோம்."

இருட்டுவதற்கு முன்னால் வங்கு வாசலில் முளை அடித்துக் குட்டியைக் கட்டினேன். திரும்பிப் பார்க்காமல் வந்து, ஒச்சப்பன் காட்டில் உட்கார்ந்து விடியும்வரை விழித்திருந்தேன்.

காலையில் குட்டி நின்றுகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கத்தியது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. தட்டினேன். குருவம்மாள் திறந்தாள்.

"ராத்திரி பூரா பிள்ள அழவே இல்லீங்க," என்றாள். "ஒரு தடவகூட."

தொட்டில் சேலையை விலக்கினேன். ஓவியா முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து நனைந்திருந்தது. பிடரி மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது.

"பால் கக்கியிருப்பா," என்றாள் குருவம்மாள். "பாலுதாங்க. பாலுதான்."

குனிந்து முகர்ந்தேன்.

அது இன்று காலையில். இப்போது மறுபடி இருட்டிவிட்டது. எல்லா லைட்டையும் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறோம். சற்று முன்னால் தெருநாய்களெல்லாம் ஒன்றாகக் குரைப்பதை நிறுத்தின.

அந்த நரிக்கு நான் கொடுக்க வேண்டியது நாலு பிள்ளை. மூன்று போயிருக்கிறது. ஒன்று பாக்கி.