பெரிசை விடு, சின்னதைப் பிடி

நெல்டா வீட்டுக் குளத்தில் ஒரு சட்டம் உண்டு. தூண்டிலில் பெரிய மீன் மாட்டினால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சின்ன மீன் மாட்டினால் வாளியில் போட வேண்டும்.

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். அதனால் பள்ளிப் பேருந்தில் அவளைக் கேலி செய்யாத ஆள் கிடையாது.

"என்ன நெல்டா, இன்னிக்கும் பொடிமீன் வேட்டையா?"

"ஆமா. உனக்கும் வேணுமா? முள்ளு மட்டும் தரேன்" என்பாள் பதினோரு வயது நெல்டா.

சட்டத்தைப் போட்டவள் அவளேதான். அப்பா வீட்டை விட்டுப் போன வருடம் அது. குளத்தில் இருந்த நீலச்செவுள் மீன்கள் அப்போது பிஸ்கட் அளவுக்குச் சுருங்கியிருந்தன. ஒருநாள் சமைப்பதற்காக ஒரு பொடியை அறுத்தால், உள்ளே முட்டை! குஞ்சு என்று நினைத்தது தாய் மீனாக இருந்தது.

நெல்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளி நூலகத்தில் தேடிப் பிடித்துப் படித்தாள். பெரிய ஆண் மீன்கள் காவல் இருக்கும் குளத்தில் சின்ன ஆண்களுக்குக் கூடு கட்ட இடம் கிடைக்காது. அவை தின்று தின்று வளரும். பெரியவற்றை எல்லாம் பிடித்துவிட்டால், சின்னவை வளர மறந்து அவசர அவசரமாகக் குடும்பம் நடத்தக் கிளம்பிவிடும். பிறகு குளம் முழுக்கப் பொடிதான்.

பெரியவற்றை எல்லாம் பிடித்தது யார்? அப்பாதான். ஞாயிறு தவறாமல் நண்பர்களோடு வந்து, பெரிசு பெரிசாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, பொடிகளை மட்டும் திரும்ப வீசுவார்.

அன்றிலிருந்து நெல்டாவும் அம்மாவும் பொடிமீன்களையே தின்றார்கள். அம்மாவுக்குக் கோழிக்கறித் தொழிற்சாலையில் வேலை. மாலையில் களைத்து வந்து தட்டைப் பார்ப்பாள்.

"இன்னிக்கும் இதானா?"

"வேணும்னா கோழி சமைக்கட்டுமாம்மா?"

"ஐயோ! கோழிய மட்டும் என் கண்ணுல காட்டாதடி!"

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. இந்த மே மாதம், கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீரில், இட்லித் தட்டுக் குழிகள் போலக் கூடுகள் தெரிந்தன. ஒவ்வொரு குழிக்கு மேலும் ஓர் ஆண் மீன். நெல்டாவின் விரித்த கையைவிடப் பெரியவை. மார்பெல்லாம் செம்பு நிறம். அவற்றிலேயே பெரியதற்கு வால் ஓரத்தில் ஒரு கிழிசல். அதைப் பார்ப்பதற்கென்றே நெல்டா தினமும் பள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

அப்போதுதான் அப்பா தொலைபேசினார். "சனிக்கிழமை வரேன்டா கண்ணு. நாம ரெண்டு பேருமா மீன் பிடிக்கலாம்."

"நிஜமா வருவீங்களாப்பா?"

"நிஜமாத்தான்."

போன இலையுதிர் காலத்திலும் 'நிஜமாத்தான்' என்றார். வரவில்லை. இருந்தாலும் நெல்டா குளத்தைப் பற்றி எல்லாம் சொன்னாள். சட்டத்தையும் சொன்னாள். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போய்விட்டாள். அப்பாவின் பிக்அப் வண்டி வந்தது. நெல்டா ஓடினாள். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பொடியன் குதித்தான். முன்பல் இரண்டு இல்லை.

"இவன் ஜெப். டீனாவோட பையன். அவளுக்கு இன்னிக்கு வேலை, அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் அப்பா.

டீனாவின் வீட்டில்தான் அப்பா இப்போது இருந்தார். நெல்டா புழு டப்பாவையும் தூண்டில்களையும் கொடுத்துவிட்டு, சாப்பிட ரொட்டி எடுத்து வர உள்ளே போனாள். ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது குளத்திலிருந்து கூச்சல் கேட்டது.

"அப்பா! அப்பா! இழுக்குது!"

நெல்டாவின் கை நின்றுவிட்டது. அந்த வீட்டில் அந்தச் சொல்லால் அவரைக் கூப்பிட அவளைத் தவிர யாருமே இருந்ததில்லை.

"விடாத! அப்படித்தான்டா என் சிங்கம்!" என்றது அப்பாவின் குரல்.

ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வாளியில் நாலு பெரிய மீன்கள் நெருக்கிக்கொண்டு கிடந்தன. கிழிந்த வால் மேலே தெரிந்தது.

"அப்பா! இதெல்லாம் கூட்டுல இருந்த மீனு! பிடிக்கக் கூடாதுன்னு போன்லயே சொன்னேனே!"

"சொன்னியா? எப்போ?" அப்பா தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "சரி விடு, நாலு மீன்தானே. டீனா வேலை முடிஞ்சு வந்து எண்ணெயக் காய வச்சிட்டுக் காத்திருப்பா."

"ரெண்டு வருஷமா வளர்த்தேன்ப்பா."

"அட, இந்தக் குளத்த வெட்டுனதே நான்தான் நெல்டா!"

"வெட்டுனது நீங்கதான். இப்பப் பாத்துக்கறது நான்."

நெல்டா வாளியை விட்டு நகரவில்லை. ஜெப் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினான். அவன் வாழ்க்கையில் பிடித்த முதல் மீன் அந்த வாளியில்தான் இருந்தது. உதடு துடித்தது.

அவன்மேல் கோபப்படுவது ரொம்பச் சுலபமாக இருந்தது. ஒரு நிமிடம் நெல்டாவுக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு அவன் ஈரக் காலணிகளைப் பார்த்தாள். இரண்டையும் கால் மாற்றிப் போட்டிருந்தான்.

"அழாதடா. உனக்கு எப்படித் தெரியும்? இங்க வா, ஒண்ணு காட்டறேன்."

கரையில் இருவரும் குனிந்தார்கள். காவல் இல்லாத குழியில் பொடிமீன்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"என்ன பண்ணுதுங்க?"

"முட்டையத் தின்னுதுங்க. நீ பிடிச்சது அப்பா மீன். அது இருந்தா ஒண்ணையும் கிட்ட விடாது."

"அம்மா மீன் எங்க?"

"முட்டை போட்டுட்டுப் போயிடும். அப்பா மீன்தான் குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நகராம நிக்கும்."

ஜெப் யோசித்தான். "அப்படியா? உங்க வீட்ல தலைகீழா இருக்கே!"

அப்பா குளத்தின் அக்கரையை உற்றுப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை.

"திருப்பி விட்டுடலாமா அக்கா?" என்றான் ஜெப்.

"கைய நல்லா நனைச்சுக்கோ. முள்ளு குத்தும், துடுப்ப நீவிப் பிடி."

ஒவ்வொன்றாக விட்டார்கள். மூன்று மீன்கள் ஒரு கணம் திகைத்து நின்று, நேராகத் தத்தம் குழிக்குப் பாய்ந்தன. பொடிகள் சிதறி ஓடின. ஜெப் கைதட்டினான்.

கிழிந்த வால் மட்டும் நீந்தவில்லை. நெல்டா அதைத் தண்ணீருக்குள் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தாள். செவுள் திறக்கவே இல்லை. கை மரத்துப் போகும்வரை அசைத்தாள்.

"போதும்மா" என்றார் அப்பா. அவர் குரல் இப்போது சின்னதாக இருந்தது. "எனக்குத் தெரியாமப் போச்சு."

"எடுத்துட்டுப் போங்கப்பா. செத்தது வீணாக வேணாம்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஜெப்புக்கு ஆழமான பக்கத்தைக் காட்டிப் பொடிமீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அப்பா வண்டியில் கொண்டுவந்திருந்த ஐஸ் பெட்டி நிறைய அவன் பிடித்தான். ஒவ்வொன்றுக்கும் "இது சின்னதுதானே? இது சின்னதுதானே?" என்று கேட்டு அவள் உயிரை வாங்கினான். அவளுக்கே ஒருமுறை சிரிப்பு வந்துவிட்டது.

மதியம் திரும்புவதற்குள் அப்பா கிளம்பிவிட்டார். "ஜூலையில வரேன்டா. நாம ரெண்டு பேர் மட்டும்."

"சரிப்பா."

முன்பெல்லாம் எந்தத் தேதி என்று கேட்பாள். இன்று கேட்கவில்லை. வண்டி திரும்பும்போது ஜெப் ஜன்னலில் தலையை நீட்டிக் கை ஆட்டிக்கொண்டே போனான். அவள் அவனுக்கு மட்டும் கை ஆட்டினாள்.

மாலையில் அம்மா வேலை உடையோடு நேராகக் குளத்துக்கு வந்து, புல்லில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போயிட்டாரா?"

"ம்."

"அழுதியா?"

"கொஞ்சம்."

அம்மா அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். கிழிந்த வாலின் குழியில் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை. ஆனால் வேறொரு மீன் அங்கே வந்திருந்தது. பழையதைவிடக் கொஞ்சம் சின்னது. ஆனால் பொடி அல்ல. வாலை விசிறி விசிறிக் குழியில் படிந்த சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"வா, உள்ள போய்ச் சாப்பிடலாம்" என்றாள் அம்மா.

"இரும்மா. இவன் வேலைய முடிக்கட்டும்."